மூதாட்டி நாகரத்தினம்மையார்

(லால்பேட்டையில் நம் இசைவேளாளர் குல மகளிர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடும்பத்திற்கும் கலைக்கும் பொதுத் தொண்டிற்கும் தம்மை ஒப்படைத்த மூதாட்டி ஒருவரைப் பற்றி இவ்வவையில் பேசுமாறு சங்கத்தார் எனக்குக் கட்டளையிட்டனர். இன்னாரைப் பற்றி என்று அவர்கள் வரையறுக்கவில்லை. பல நாள் எண்ணிப் பெங்களூர் நாகரத்தினம்மையாரை யான் தெரிந்துகொண்டேன். அவர் இவ்வூரினர் அல்லர்; தமிழ்நாட்டிற் பிறந்தவரும் அல்லர். மைசூர்ச் சீமையிற் பிறந்து, சென்னையிற் புகழ் பெற்று, திருவையாற்றில் மறைந்தவர். அவரைத் தெரிந்துகொண்டதன் காரணத்தை முதற்கண் சொல்லிவிடுகிறேன்.

என் தாயைப் பெற்ற ஆயா சிதம்பரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்ந்தார். நான் சிறுவனாக இருந்தபோது ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில் அவர் நீராடி, விளக்கேற்றி, வானொலிப் பெட்டியின் முன்னர் அமர்ந்துவிடுவார். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் ஆராதனையில் வித்துவான்கள் கூடிப் பாடுவதை வானொலி நிலையத்தார் ஒலிபரப்புவர். கண்களை மூடிக்கொண்டு ஆயா கேட்டிருப்பார். அவருடைய உதடுகள் அசையும். விரல்கள் தொடையில் தாளமிடும். ஒலி மட்டும் வாராது. அவருக்குப் பாடத் தெரியும் என்பது அந்த ஒரு நாளில் எங்கள் அனைவருக்கும் வெளிப்படும். ஆயினும் அவர் பாடி யாரும் கேட்டதில்லை.

ஒருமுறை நான், “ஏன் ஆயா, வாய்விட்டுப் பாடினால் என்ன?” என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “எங்களை வெளியே நிறுத்தி வைத்த காலம் ஒன்று இருந்தது, அப்பா. உள்ளே அழைத்துக்கொண்டு போனவள் ஒரு கிழவி. அவள் பெயர் நாகரத்தினம்,” என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவர் காலமான பின்னர் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். அதில் ஒரு ஜோடிச் சலங்கையும், கையால் எழுதிய கீர்த்தனப் புத்தகம் ஒன்றும் இருந்தன. என் தாய்மாமன் அவற்றைக் கண்டதும் முகம் சுளித்தார். “இதெல்லாம் இருக்கிறது என்று வெளியில் சொல்லாதே. பெண் கொடுக்கவும் எடுக்கவும் வேண்டிய குடும்பம்,” என்றார். சலங்கை பாத்திரக் கடையில் எடைக்குப் போயிற்று. புத்தகம் பழைய தாளோடு போக இருந்தது. நான் எடுத்து வைத்துக்கொண்டேன். மாமனை யான் குறை கூறுகின்றேன் அல்லேன். அவர் காலத்தில் நம்மவர் பலரும் அவ்வாறே செய்தனர். இவ்வவையில் உள்ள முதியோர்களுள் எத்துணைப் பேர் வீட்டில் இத்தகைய பெட்டி ஒன்று இருந்தது என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

நிற்க. நாம் கூடியிருக்கும் இந்நிலத்தின் பெருமையைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். இவ்வூர் வீராணத்து ஏரிக்கரையில் அமைந்தது. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக வரும் நீரே இவ்வேரியை நிறைக்கிறது. காவிரியினின்று பிரிந்ததே கொள்ளிடம் ஆதலின், திருவையாற்றை நனைக்கும் ஆறும் நம் ஏரிக்கு நீர் ஊட்டும் ஆறும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. அருகில் உள்ள காட்டுமன்னார்கோயில், வீரநாராயணபுரம் என்னும் பழம் பெயர் உடையது. ஆழ்வார்களின் பாசுரங்கள் வழக்கொழிந்து கிடந்த காலத்தில் அவற்றைத் தேடிக் கண்டு, இசையும் தாளமும் அமைத்துத் தந்த நாதமுனிகள் அவதரித்த தலம் அது. அதற்கு அணித்தே உள்ள திருநாரையூர், தேவாரத்தைத் தில்லையில் கண்டெடுத்த நம்பியாண்டார் நம்பியின் ஊர்.

தேவார ஏடுகள் கிடைத்தன, பண் கிடைக்கவில்லை. அப்போது பண்களை வகுத்துத் தந்தவர் யார்? இக்கடலூர் மாவட்டத்திலேயே விருத்தாசலத்தை அடுத்துள்ள எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருத்தி என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. ஏட்டைக் கண்டெடுத்த நம்பியின் பெயரை உலகம் அறியும். பண்ணைத் தந்த பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லவில்லை. பாட்டு நின்றது, பாடிய பெண்ணின் பெயர் நிற்கவில்லை. யான் இன்று சொல்ல வந்தது இதனோடு ஒட்டியதே. நம் மரபின் இசையைப் போற்றுகிறோம். அதனைக் காத்து வைத்த மகளிரின் பெயரை மறைத்துவிட்டோம். நாகரத்தினம்மையாரின் வாழ்வு அம்மறைப்புக்கு ஒரு மறுமொழி.

அம்மையார் 1878ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் நஞ்சன்கூட்டில் தோன்றினார். தாயார் புட்டலட்சுமி அம்மாள். ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்ட தாசி மரபு அவர்களுடையது. ஆதரித்து வந்தவர் கைவிட்டமையால், பெண் குழந்தையை வைத்துக்கொண்டு அத்தாய் பட்ட துன்பம் பெரிது. மைசூரில் பண்டிதர் ஒருவர் குழந்தைக்கு வடமொழி முதலியன கற்பித்தார்; பின்னர் மனவேறுபாடு நேர்ந்து அவ்வாதரவும் நீங்கிற்று. தாய் மனம் தளரவில்லை. தம் மகளைக் கல்வியில் சிறந்தவளாக்கியே தீர்வது என்று உறுதி பூண்டு மைசூரை விட்டு வெளியேறினார். கன்னடம், தெலுங்கு, வடமொழி ஆகியவற்றோடு ஆங்கிலமும் மகளுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பெங்களூரில் முனுசாமப்பா என்பவரிடத்தில் இசைப் பயிற்சி நடந்தது. அவர் வாலாஜாபேட்டை வழியாகத் தியாகராஜரின் சீட மரபைச் சேர்ந்தவர். நடனமும் வயலினும் கற்றார்.

அரங்கேறும் பருவம் வருமுன்னரே தாயார் காலமாயினார். பெண்ணுக்கு அப்போது வயது பதினான்கு அளவே. எனினும் அரங்கேற்றம் நிகழ்ந்தது. மைசூர் அரண்மனை வரையில் புகழ் பரவிற்று. பிற்காலத்தில் எத்துணைச் சிறப்பு எய்திய போதிலும், தாம் புட்டலட்சுமியின் மகள் என்று சொல்லிக்கொள்வதை அம்மையார் விட்டாரல்லர். தந்தை பெயரைத் தேடித் தமக்கொரு மறைப்பு அமைத்துக்கொள்ளவும் இல்லை. குடும்பப் பற்று என்பது இதுவன்றி வேறு யாது? கணவனும் மக்களும் சூழ வாழ்வது ஒன்றே குடும்பம் என்று நாம் நினைக்கிறோம். பெற்றவள் பட்ட பாட்டை மறவாது, அவள் விரும்பியவாறு வாழ்ந்து காட்டி, அவள் பெயரை உலகோர் முன் நாணாது சொல்லுதலும் குடும்பத் தொண்டே ஆகும்.

அம்மையார் பின்னர்ச் சென்னைக்கு வந்து குடியேறினார். அந்நாளில் சென்னைப் பட்டினத்து இசையுலகில் பெண்டிரின் வீடுகளே சிறந்த கல்விக் கழகங்களாக விளங்கின. வீணை தனம்மாள் அவர்களுடைய நட்பு அம்மையாருக்குக் கிடைத்தது. கச்சேரிகளும் அரிகதைகளும் நிகழ்த்தி, தென்னாடு முழுதும் சுற்றிப் பெரும்பொருள் ஈட்டினார். சொந்த வீடும் நகைகளும் வாய்த்தன. “வித்தியா சுந்தரி” என்னும் பட்டமும் பெற்றார். தம் கையால் உழைத்து ஈட்டிய பொருள் அது.

அவருடைய கல்விப் பற்றுக்கு ஒரு சான்று கூறுவேன். தஞ்சையைப் பிரதாபசிம்மர் ஆண்ட 18ஆம் நூற்றாண்டில் முத்துப்பழனி என்னும் தாசி குலப் பெண் புலவர் “ராதிகா சாந்த்வனம்” என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார். அந்நூல் 1887ஆம் ஆண்டில் அச்சேறியது. ஆனால் முத்துப்பழனி தம் தாயையும் பாட்டியையும் பற்றிக் கூறிய முகவுரைப் பகுதி அதில் இடம் பெறவில்லை. சில செய்யுட்களும் விடுபட்டிருந்தன. மூல ஏட்டைத் தேடிப் பெற்ற நாகரத்தினம்மையார், விடுபட்டவற்றைச் சேர்த்து, முழு நூலையும் ஆராய்ந்து 1910ஆம் ஆண்டில் வாவிள்ள அச்சகத்தின் வாயிலாக வெளிப்படுத்தினார்.

உடனே எதிர்ப்பு எழுந்தது. சிருங்காரம் மிகுந்த நூல் என்றனர். பெண் எழுதுவது தகாது என்றனர். ஆண் புலவர் இயற்றிய சிருங்காரக் காவியங்களைப் பாடமாக வைத்த அறிஞர்கள், பெண் புலவரின் நூலை மட்டும் குற்றம் என்பது என்ன நீதி என்று அம்மையார் வாதாடினார். அரசினர் நூலைத் தடை செய்தனர். 1947ஆம் ஆண்டில், பிரகாசம் அவர்கள் சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியாக விளங்கிய காலத்தில், அத்தடை நீங்கிற்று. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெண் புலவரின் பெயருக்காகப் பொறுத்திருந்தார் அம்மையார்.

இனி, அவர் பெயரை நிலைநிறுத்திய பெருந்தொண்டுக்கு வருகிறேன். தியாகராஜ சுவாமிகள் 1847ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் திருவையாற்றில் சித்தியடைந்தார். காவிரிக் கரையில் அவரைச் சமாதி வைத்தனர். காலப்போக்கில் அவ்விடம் புதர் மண்டிற்று. உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் 1903ஆம் ஆண்டில் அதனைக் கண்டு செப்பனிட்டனர். பின்னர் ஆண்டுதோறும் ஆராதனை நடைபெறலாயிற்று. விரைவில் வித்துவான்களுக்குள் பிளவு நேர்ந்து பெரிய கட்சி, சின்ன கட்சி என இரண்டாயிற்று. இரு கட்சியினரும் பூசையிலும் சமாராதனையிலும் போட்டியிட்டனர். சமாதியோ மீண்டும் கேட்பாரற்றுக் கிடந்தது.

1921ஆம் ஆண்டில் அம்மையாரின் குருவாகிய மைசூர் பிடாரம் கிருஷ்ணப்பா அவர்கள் சமாதியின் நிலையைக் கண்டு மனம் நொந்து அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். தியாகராஜரே கனவில் தோன்றினார் என்று அம்மையார் சொல்வதுண்டு. உடனே திருவையாற்றுக்குச் சென்றார். சுற்றியுள்ள நிலத்தைப் பெற்றுத் துப்புரவு செய்வித்தார். 1921ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் கோயிலுக்கு அடிக்கல் நாட்டப் பெற்றது. நகைகளை விற்றார், சென்னையில் இருந்த வீட்டையும் விற்றார். 1925ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் குடமுழுக்கு நடந்தேறியது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

இங்கே அன்பர்கள் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். நிலம் அவர் பெற்றது. கல்லும் சுண்ணமும் அவர் பொருளால் வந்தவை. கோயில் எழுந்தது. ஆராதனை வந்தது. பாட எழுந்தபோது, பெண்கள் அச்சந்நிதியில் பாடுதல் மரபன்று என்று தடுத்தார்கள்! கட்டியவருக்கே வாயிலில் இடமில்லை. தாசி மரபினர் என்ற இழிவும் அதனோடு சேர்ந்தது.

நம்மில் ஒருவருக்கு இது நேர்ந்தால் என் செய்வோம்? சினந்து சொத்தைத் திரும்பப் பெறுவோம். அல்லது வருந்தி ஒதுங்குவோம். அம்மையார் இரண்டும் செய்யவில்லை. மனுச் செய்தார், வாதாடினார், இணங்காதபோது, கோயிலின் பின்புறத்தில் பெண்களைக் கூட்டித் தாமே தனி ஆராதனை தொடங்கினார். முன்புறத்தில் ஆண்கள் பாட, பின்புறத்தில் பெண்கள் பாடினர். பெண்கள் கட்சி என்று அதனை உலகோர் அழைத்தனர். அந்தப் பின்புறத்துப் பந்தலில் எத்துணைப் பெண்கள் பாடினார்களோ, அவர்களுள் பெரும்பாலோர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. என் ஆயா அங்கே பாடினாரா, கேட்டு மட்டும் திரும்பினாரா என்பதையும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போய்விட்டேன். அஃது என் குறை.

ஆண்டுகள் சென்றன. தஞ்சையில் அலுவல் பார்த்த ஐ.சி.எஸ். அதிகாரியாகிய எஸ். ஒய். கிருஷ்ணசாமி அவர்களும், முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலிய வித்துவான்களும் முயன்று 1940ஆம் ஆண்டில் கட்சிகளை ஒன்றாக்கித் தியாகப்பிரம்ம மகோற்சவ சபையை ஏற்படுத்தினர். பெண்கள் கட்சியும் அதில் இணைந்தது. 1941ஆம் ஆண்டில் நடைபெற்ற ஒன்றுபட்ட ஆராதனையில் பெண்களும் பாடினர். பஞ்சரத்தின கீர்த்தனங்களை எல்லோரும் கூடிப் பாடும் வழக்கமும் அக்காலத்தில் வேரூன்றியதே. இன்று நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து இராகங்களிலும் அமைந்த அக்கீர்த்தனங்களை ஆணும் பெண்ணும் எதிரெதிர் வரிசையாக அமர்ந்து பாடுவதை உலகம் காண்கிறது. அதன் பின்னே ஒரு மூதாட்டியின் பதினைந்து ஆண்டுப் பொறுமை நிற்கிறது.

அம்மையார் தம் முதுமைக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். 1949ஆம் ஆண்டில் உயில் எழுதினார். தம் பொருள் முழுதும் தியாகராஜர் சந்நிதிக்கே உரியது என்றார். அதனோடு ஒரு நிபந்தனையும் விதித்தார். அச்சந்நிதியில் பெண்களும், அவர்களுள் தாசி மரபில் வந்தோரும், இசைத்தொண்டு செய்யும் உரிமை உடையவர்கள். அவ்வுரிமையைத் தடுத்தல் கூடாது என்பதே அது. பொருளைக் கொடுப்பவர் பலர். புகழை வேண்டிக் கொடுப்பவரும் பலர். தமக்குப் பின் வரும் பெண்கள் வெளியே நிறுத்தப்படலாகாது என்று கொடுத்தவர் அரியர். 1952ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அம்மையார் மறைந்தார். தியாகராஜர் சந்நிதிக்கு எதிரே அவருக்கும் சமாதி அமைந்தது. கைகூப்பிய வண்ணம் அமர்ந்த அவர் உருவச்சிலை தம் குருவின் கோயிலை நோக்கியே இன்றும் இருக்கிறது.

இனி, நமக்குள் பேசத் தயங்கும் ஒன்றைப் பேசுகிறேன். தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் 1927ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்குமாறு தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய தாயாரும் நம் குலத்தவரே. நாகரத்தினம்மையார் முதலிய தாசி மகளிர் அம்முயற்சியை எதிர்த்து அரசினருக்கு விண்ணப்பம் செய்தனர். தங்கள் மரபு முழுவதையும் விலைமகளிர் கூட்டம் என்று சட்டம் பேசுவது தகாது என்பதும், கல்வி தந்து உயர்த்துக என்பதும் அவர்தம் முறையீடு. மூவலூர் இராமாமிர்தத்தம்மையாரோ, பொட்டுக்கட்டிய துன்பத்தைத் தாமே அறிந்தவர்; ஊர் ஊராகச் சென்று அவ்வழக்கத்தை எதிர்த்துப் பேசியதோடு, 1936ஆம் ஆண்டில் “தாசிகள் மோசவலை” என்னும் புதினத்தையும் வெளியிட்டார். முடிவில் 1947ஆம் ஆண்டில் சட்டம் நிறைவேறியது.

சட்டம் வந்தது நன்றே. சிறு பெண்ணுக்கு அவள் அறியாப் பருவத்திற் பொட்டுக்கட்டி, அவள் வாழ்வைப் பிறர் கையில் ஒப்புவிக்கும் கொடுமை ஒழிந்தே தீர வேண்டியது. இதில் முத்துலட்சுமி அம்மையாரும் இராமாமிர்தத்தம்மையாரும் கண்டதே நேர்மை என்பது என் துணிபு. ஆயினும் நாகரத்தினம்மையார் அஞ்சியதும் நிகழ்ந்தது. வழக்கத்தை ஒழித்தபோது, அதனோடு பெண்களின் கல்வியும் பெயரும் குழியில் தள்ளப்பட்டன. வேறு குலத்துப் பெண்கள் மேடையேறி ஆடியும் பாடியும் புகழ் பெற்றனர்; அதனை யான் வெறுக்கவில்லை, கலை எல்லோர்க்கும் உரியது. நம் வீட்டு ஆடவர் நாகசுர வித்துவான்கள் என்றும் நட்டுவனார்கள் என்றும் தலைநிமிர்ந்து நின்றனர். நம் வீட்டுப் பெண்டிரோ வாய் திறவாதிருப்பதே குடும்பத்தின் மானம் என்று ஆயிற்று. பாட்டு பாவமில்லை, பாடிய பெண் மட்டும் பாவம் என்று யார் விதித்தார்? பிறர் விதித்தது ஒரு பாதி. நாம் விதித்துக்கொண்டது மறு பாதி.

வீணை தனம்மாளும், அவர் பேத்தி பாலசரசுவதியும், மதுரை சுப்புலட்சுமி அம்மையாரும் பெண் வழியில் வந்த இசைச் செல்வத்தாலேயே உலகம் வணங்க நின்றனர். அவர்களை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நாம் தயங்குவதில்லை. புகழ் பெற்றவரை உறவு கொண்டாடி, புகழ் பெறாத பாட்டியைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது நேர்மையாகுமா?

ஆதலின் இச்சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன்.

ஒன்று: சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், விருத்தாசலம் வட்டாரங்களில் நம் குலத்து மூதாட்டியர் எவரெவர் பாடவும் ஆடவும் இசைக்கருவி பயிலவும் வல்லவராயிருந்தனர் என்பதை வீடுதோறும் சென்று கேட்டு எழுதுதல் வேண்டும். வீட்டாரின் ஒப்புதல் பெற்று, மாதம் ஒருவராக நம் இதழில் அவர் வரலாற்றை வெளியிடலாம். எண்பதைக் கடந்தோர் இன்னும் சிலர் உளர். அடுத்த ஆண்டு கேட்போம் என்று இருந்தால் அடுத்த ஆண்டு அவர்கள் இரார்.

இரண்டு: நம் ஆண்டு விழாவில் நாகசுரத்திற்கும் தவிலுக்கும் இடம் தருகிறோம். பெண்களின் வாய்ப்பாட்டுக்கும் அவ்வாறே முதல் வரிசையில் இடம் தருதல் வேண்டும். நன்றி கூறும் நேரத்தில் இரண்டு நிமிஷம் பாட விடுவது இடமாகாது.

மூன்று: சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, இசை கற்க வசதி நமக்கு அணித்தே உள்ளது. நம் பெண் மக்களுள் விரும்புவோர்க்குச் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து உதவி செய்ய வேண்டும். பொறியியலுக்கும் மருத்துவத்திற்கும் கொடுக்கும் நாம், நம் தாய்மார் தொழிலுக்குக் கொடுக்கக் கைசுருக்குதல் அழகன்று.

இவை பெரிய காரியங்கள் அல்ல. நகையும் வீடும் விற்றுக் கோயில் எடுத்த அம்மையாரின் முன்னர் இவை ஒரு துரும்பு. ஆயினும் இவற்றைச் செய்ய ஒரு துணிவு வேண்டும். அம்மையார் புட்டலட்சுமியின் மகள் என்று சொல்லிக்கொண்ட துணிவே அது.

இதோ, என் ஆயாவின் கீர்த்தனப் புத்தகத்தைக் கொண்டு வந்திருக்கிறேன். முதல் ஏட்டில் அவர் தம் பெயரையும், தம் தாயாரின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். வேறு யார் பெயரும் இல்லை. நான் நாற்பது ஆண்டாக இதனை என் அலமாரியில் வைத்திருந்தேன். என் மாமன் மறைத்தார் என்று சொன்ன நானும் இதுகாறும் மறைத்தே வந்தேன் என்பதை இப்போது இவ்வவையில் ஒப்புக்கொள்ளுகிறேன். இன்று முதல் இப்புத்தகம் சங்கத்தின் நூலகத்திற்கு உரியது. விரும்புவோர் எவரும் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

சொற்பொழிவு இத்துடன் முடிகிறது. என் பேத்தி இங்கே வந்திருக்கிறாள். சிதம்பரத்தில் இசை பயில்கிறாள். இப்புத்தகத்தில் உள்ள கீர்த்தனங்களுள் ஒன்றை இப்போது பாடுவாள். என் ஆயா ஒலியின்றி உதடசைத்த பாட்டு அது. அன்பர்கள் அமர்ந்திருந்து கேட்க வேண்டுகிறேன்.